கையெழுத்து வைக்கும் வரை

துஷாரா கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று மறுபடியும் சிரித்துப் பார்த்தாள். இந்தச் சிரிப்பும் சரியில்லை. உதடு சிரித்தது, கண் தன் பாட்டுக்குக் கலங்கியது.

காலையில் டோஸ்ட்ருப் நகரில் இருந்து சிவபாலன் தொலைபேசி எடுத்திருந்தார். அவளுடைய தொழிற்சாலையில் மீன் வெட்டும் கனகசபையின் மனைவி சுசீலாதேவியின் அண்ணன் அவர்.

"தங்கச்சி போயிட்டாள், பிள்ளை. வன்னிக் கடைசிச் சண்டையிலை பங்கர்க் குழிக்குள்ளை ஷெல் விழுந்ததாம். முகாமுக்கு வந்து சேர்ந்த ஒருத்தர் கண்ணாலை கண்டவராம்." மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்ந்தார். "மச்சானுக்கு இன்னும் தெரியாது. இண்டைக்குத்தானே உங்கடை ஒஃபிசிலை கையெழுத்து வைக்க வாறார்? அது முடியுமட்டும் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. பின்னேரம் நான் வந்து, பக்கத்திலை இருந்து சொல்லுறன்."

துஷாரா டேனிஷ் நகரமான ஓல்போர்க்கின் மீன் தொழிற்சாலையில் எழுதுவினைஞர். வேலையாட்களின் பதிவுகள் அவள் பொறுப்பு. கனகசபையின் பழைய வேலை அனுமதி இன்றோடு முடிகிறது. புதிதாகக் கிடைத்த நிரந்தர வதிவிட அட்டையைக் காட்டிப் பதிவை மாற்றாவிட்டால், நாளை வாசற்கதவு அவருக்குத் திறக்காது. ஆட்குறைப்பு நடக்கிற காலம். ஒரு நாள் தவறினாலும் அவருடைய இடம் போய்விடும்.

மனைவியைப் பறிகொடுத்தவர் வேலையையும் பறிகொடுக்கக்கூடாது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

கனகசபை அவளுடைய மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வெள்ளை மேலங்கி, தலையில் வலைத்தொப்பி, மார்புப் பையில் பொலித்தீன் உறையில் போட்ட கைபேசி. மீன் வெட்டும் கூடத்துக்குள் வேறு எவரும் கைபேசி கொண்டுபோக முடியாது. வன்னியில் இருந்து மனைவி எந்த நேரம் தொலைபேசி எடுப்பாளோ என்று அவர் தவித்த தவிப்பைப் பார்த்துவிட்டு, தை மாதம் துஷாராதான் முகாமையாளரிடம் கெஞ்சி அவருக்கு மட்டும் அனுமதி வாங்கிக் கொடுத்தாள்.

"என்ன பிள்ளை, கண் சிவந்திருக்கு?"

"தடிமன், அண்ணை." மூக்கைத் துடைத்துக் காட்டினாள்.

"இந்த நாட்டிலை ரெண்டு காலந்தான். ஒண்டு குளிர், மற்றது தடிமன்."

அவள் சிரித்தாள். கண்ணாடியில் பழகிய சிரிப்புத்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அட்டையை வாங்கிப் பிரதி எடுத்தாள். இலக்கத்தைக் கணினியில் பதியும்போது பிழைத்துவிட்டது. அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கினாள்.

"ஆறுதலாச் செய்யுங்கோ," என்றார் கனகசபை. "சிவபாலன் எடுத்தவரோ?"

"இல்லையே அண்ணை. ஏன்?"

"பின்னேரம் வாறன் எண்டு மெசேஜ் போட்டிருக்கிறார். வேலை நாளிலை அவ்வளவு தூரம் ஏன் வாறார் எண்டு யோசிச்சன்."

"கார்ட் கிடைச்ச சந்தோசத்துக்கு வாறாராக்கும்."

கனகசபை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓம். அப்பிடித்தான் இருக்கும்."

அடுத்த மேசை கிர்ஸ்டன் கோப்பியும் ஒரு கேக்குத் துண்டும் கொண்டுவந்து வைத்தாள். கேக்கின் மேல் ஒரு சின்னக் கடதாசிக் கொடி. டேனிஷில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, "இனி மனைவியை இங்கே கூப்பிடலாம், இல்லையா?" என்று கேட்டாள்.

துஷாரா படிவத்தைத் தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டாள். கனகசபை தலையை மட்டும் ஆட்டி, "தக்" என்று நன்றி சொன்னார். கிர்ஸ்டன் அவருடைய தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் ஒரு கைபேசி அடித்தது. அவருடைய கைபேசியின் அதே மணி. எங்கே மணி அடித்தாலும் மார்புப் பைக்குப் பாய்கிற கை அவருடையது. கூடத்தில் அதைச் சொல்லிப் பகிடிகூடப் பண்ணுவார்கள். இன்றைக்கு அவர் கோப்பிக்குள் சீனியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

பதிவு மாறுகிற சந்தோசத்தில் மறந்துவிட்டார் போலும், நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தாள் துஷாரா. படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

கனகசபை பேனையை வாங்கி, தன் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார்.

"முடிஞ்சுது, அண்ணை. இனி உங்களை ஒருத்தரும் அசைக்கேலாது. வருசா வருசம் இஞ்சை வந்து நிக்கவும் தேவையில்லை."

"பெரிய உதவி, பிள்ளை."

காப்பாற்றிவிட்டாள். இனிச் சிவபாலன் பார்த்துக்கொள்வார். அந்த நினைப்பு ஆறுதலாக இருந்ததே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. வழமையாக எல்லோரிடமும் கேட்கிற கேள்வி தானாக வாயில் வந்தது.

"வேறை ஏதும் மாத்த இருக்கோ, அண்ணை?"

கனகசபை தொடாத கேக்கை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். மார்புப் பையில் இருந்த கைபேசியை எடுத்து, உறையைக் கழற்றி, அதை அணைத்து மேசையில் வைத்தார்.

"இதுக்கு எடுத்துத்தந்த அனுமதியையும் வெட்டிவிடுங்கோ, பிள்ளை," என்றார். "முகாமிலை இருந்து வரவேண்டிய ஃபோன் கோல் நேற்றே வந்திட்டுது."