பால் திரியும் குரல்

நான் வில்லனுக்குக் குரல் கொடுத்தால் பக்கத்துத் தெருவில் பால் திரியும். டப்பிங் ஸ்டுடியோவில் இதைச் சொன்னதும் ஒலிப்பதிவாளர் பெலிக்ஸ் சிரித்தார். "திரிஞ்சா ரோல் உங்களுக்கு சார். இல்லன்னா பேசாம ரிட்டயராவே இருங்க."

அந்த சூப்பர்ஹீரோ தொடரில் அதுவரை வில்லனுக்குப் பேசியவன், உலகத்தையே அழிப்பேன் என்று கத்துவான். தொண்டைப்புண் வந்த எருமை! அழிக்கப்போகிறவன் தண்டோரா போடுவானா?

திரையில் ஹீரோ கட்டுண்டு கிடந்தான். நான் மைக்கருகே குனிந்து மெதுவாகக் கேட்டேன்: "சாப்டியா கண்ணு? அம்மா வீட்டுல தனியாத்தானே இருக்காங்க?"

பெலிக்ஸின் சிரிப்பு நின்றது. பக்கத்துத் தெருவில் இருக்கும் தன் அம்மாவுக்கு அவசரமாகப் போன் போட்டார்.

"நல்லாத்தான் இருக்காங்க சார்," என்றார், வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "அடுப்புல வெச்ச பாலுதான் திரிஞ்சுபோச்சாம்."