பிள்ளை பிடிக்க வந்த சார்

"இந்த வீட்டுல நான் வாயைத் தொறக்க மாட்டேன் சார். நீங்களே பேசிக்கங்க!"

சாதிகா டீச்சர் நோட்டீஸ் கட்டை ஞானசீலனின் கையில் திணித்துவிட்டு, கேட் ஓரத்து வேப்பமர நிழலில் ஒதுங்கிக்கொண்டார்.

திருப்பரங்குன்றம் பக்கத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளிக்கு ஞானசீலன் தலைமையாசிரியர். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாள்தான் இருந்தது. ஐந்தாம் வகுப்பு முடித்தவர்களில் பாதிப் பேர் தனியார் பள்ளி வேனில் ஏறத் தயாராகிவிட்டார்கள். இந்த வருஷமும் ஆள் சேராவிட்டால் பள்ளியையே வேறொன்றோடு இணைத்துவிடுவார்கள் என்று பேச்சு. காலையிலிருந்து தெருத் தெருவாக ஏறி இறங்கியும் "பாப்போம் சார்", "யோசிச்சுச் சொல்றோம் சார்" என்ற பதில்தான் மிச்சம்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு அழைப்பு மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்த டயானா, தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். குறுக்கு விசாரணையை அங்கேதான் பழகியிருக்க வேண்டும்.

"வணக்கம் மேடம். உங்க பொண்ணு ஆஷ்லினை ஆறாம் வகுப்புக்கு எங்க ஸ்கூல்ல சேக்கணும்னு கேட்டு வந்துருக்கோம்."

"இப்பப் படிக்கிற ஸ்கூலுக்கு என்ன குறைச்சல்? சரி, சொல்லுங்க. கேட்டுத்தான் பாப்போம்."

உள்ளே வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றார்.

"ஸ்மார்ட் போர்டு வந்துருச்சு மேடம். லைப்ரரி இருக்கு. சனிக்கிழமையானா சிலம்பம்..."

"அதெல்லாம் நோட்டீஸ்லயே இருக்கு. பாத்ரூம் எப்படி? அதைச் சொல்லுங்க."

ஞானசீலன் நோட்டீஸை மடக்கிக்கொண்டார். "போன வருஷம் வரைக்கும் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் போகணும். இப்பப் புதுசாக் கட்டியாச்சு, தண்ணியும் நல்லா வருது. பொம்பளைப் புள்ளைங்களுக்கும் டீச்சர்களுக்கும் ஒரே பாத்ரூம்தான். அப்பத்தானே சுத்தமா இருக்கும்?"

வேப்பமரத்தடியில் சாதிகா டீச்சர் வேகமாகத் தலையாட்டினார்.

"இங்கிலீஷு?"

"புள்ளைங்க தப்பும் தவறுமாத்தான் பேசும். ஆனா பயப்படாமப் பேசும். மாட்டுத்தாவணியில பூக்கட்டுற சோணையம்மாளோட மக ஆண்டு விழாவுல மைக்கைப் பிடிச்சவ, இறங்கச் சொன்னாலும் இறங்கலையே! கடைசியில நாங்கதான் கரண்டை ஆஃப் பண்ண வேண்டியதாப் போச்சு."

டயானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று அடக்கிக்கொண்டார்.

"கணக்கு?"

"அதுதான் வீக் மேடம். ஆறாங்கிளாஸ்ல பாதிப் பேருக்கு வகுத்தல் வராது."

"இதைச் சொல்லி யாராச்சும் புள்ளை கேப்பாங்களா சார்?"

"பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போயிட்டு, நாளைக்கு உங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது? பெல் அடிச்சப்புறம் நானே உக்காந்து சொல்லித் தாரேன். போன வருஷம் முழிச்சதுங்க இப்ப மத்த புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குதுங்க."

"அதான் வீட்டுக்கு லேட்டாப் போறீங்களாக்கும். வீட்டுல ஒண்ணும் சொல்றதில்லையா?"

"சொல்லுவாங்க மேடம். நல்லாவே சொல்லுவாங்க."

சாதிகா டீச்சருக்குப் புரையேறியது.

ஞானசீலன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சா, டாக்டர் படிப்புக்கு ஏழரை சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கு மேடம்."

"ஏழரையா? அது எனக்குக் கல்யாணம் ஆன நாள்லருந்து கூடவே இருக்கு சார்!"

வாயைத் திறப்பதில்லை என்றிருந்த சாதிகா டீச்சரால் அதற்கு மேல் முடியவில்லை. "யா அல்லா! பிள்ளையோட அப்பா என்ன மேடம் சொல்றாரு?"

"அவரு பேச்சை இந்த வீட்டுல யாரு டீச்சர் கேக்குறா?"

ஞானசீலன் நோட்டீஸ் கட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். இந்த வீடும் கைநழுவிப் போகிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது.

டயானாவின் குரல் திடீரென்று இறங்கியது. "கடைசியா ஒண்ணு சார். எம்புள்ளைக்குக் கூச்சம் ஜாஸ்தி. அந்த ஸ்கூல்ல மார்க் எல்லாம் வருது. ஆனா இம்புட்டு வருஷத்துல ஒரு ஃப்ரெண்டு இல்லை. வீட்டுக்கு வந்தா ரூம்ல போய் உக்காந்துக்குவா. உங்க ஸ்கூல்ல அவளை யாரு பாத்துக்குவா?"

அதற்கு நோட்டீஸில் பதில் இல்லை. ஞானசீலன் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"எங்ககிட்ட புள்ளைங்க கம்மி மேடம். அதனால ஒண்ணு வரலேன்னாலும் மத்ததுங்களுக்குத் தெரிஞ்சிரும். பரீத்துன்னு ஒரு பையன் காய்ச்சல்ல படுத்துட்டான். சாயங்காலம் அந்த கிளாஸே அவன் வீட்டு வாசல்ல போய் நின்னுருச்சு. என்னமோ ஏதோன்னு அவங்க அம்மா பயந்தே போயிட்டாங்க. ஆஷ்லின் வரலேன்னாலும் இங்க வந்து நிப்பாங்க. அதை மட்டும் நான் நம்பிச் சொல்லுவேன்."

கதவில் சாய்ந்திருந்த டயானா நிமிர்ந்து நின்றார். பிறகு கையை நீட்டி நோட்டீஸை வாங்கிக்கொண்டார்.

"சரி சார். சேத்துக்கங்க."

கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த ஆஷ்லின் பாய்ந்து வந்து ஞானசீலனின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அப்பா! அம்மா ஓகே சொல்லிட்டாங்க!"

"இனிமே 'ஊரு புள்ளையைக் கேக்குறீங்களே, உங்க புள்ளை எங்க சார் படிக்குது'ன்னு யாராச்சும் கேட்டா முழிக்காதீங்க," என்றார் டயானா, கணவருக்கு வழிவிட்டு ஒதுங்கியபடி. "டீச்சரையும் கூட்டிக்கிட்டு உள்ள வந்து சாப்பிடுங்க, அப்புறம் காலைல போன வீட்டுக்கெல்லாம் மறுபடியும் போங்க!"