முதல் பக்கத்துச் சாசேஜ்

"ஊர் ஃபேஸ்புக் குழுவைப் பாத்தீங்களா க்ளெனிஸ்? கவுன்சிலர் டாரல் மேயரானா, ஓட்டுச்சாவடி வாசல்ல இனிமே சாசேஜ் சுடக் கூடாதாம். வெறும் சோயா டோஃபுதானாம். ஊரே கொதிக்குது!" என்று ஓடிவந்தான் நிருபர் கானர்.

ஆஸ்திரேலியாவில், ஓட்டுப் போட்ட கையோடு வாசலில் சுடச்சுட இறைச்சி சாசேஜ் வாங்கித் தின்பது தேர்தல் நாள் சம்பிரதாயம். அங்கே மர்ரே ஆற்றங்கரையின் அந்தச் சின்ன ஊருக்கு ஒரே ஒரு வாரப் பத்திரிகை. ஆசிரியர் க்ளெனிஸ்.

"சனிக்கிழமை தேர்தல். உண்மையான்னு முதல்ல விசாரி."

விசாரித்தான். "சுத்தப் பொய். ஆனா நமக்கென்ன? ஆத்தங்கரைப் பூங்காவை மச்சானுக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்ட ஆளுதானே? நல்லா வாங்கிக் கட்டிக்கட்டும்!"

"அயோக்கியனைப் பத்திச் சொன்னாலும் பொய் பொய்தான். முதல் பக்கத்துல மறுப்பைப் போடு."

"அங்க பூங்கா ஊழல் இருக்கே! ரெண்டு மாசமா நாயா அலைஞ்சு எழுதினது!"

"ஆறாம் பக்கத்துக்குத் தள்ளு. ஊருக்கு இப்ப சாசேஜ்தான் கவலை."

பத்திரிகை தர்மம் காப்பாற்றப்பட்டது. 'சாசேஜுக்கு ஆபத்தில்லை' என்ற கொட்டை எழுத்துத் தலைப்பைப் படித்து ஊர் உருகியது. அடடா, ஒரு நல்ல மனுஷன் மேல் எவ்வளவு பெரிய பழி! ஆறாம் பக்கத்தை ஒருவரும் புரட்டவில்லை. டாரல் அமோகமாக ஜெயித்தார்.

திங்கட்கிழமை, ரொட்டியில் சுற்றிய சாசேஜ்களோடு பத்திரிகை ஆபீசுக்கே வந்துவிட்டார் புது மேயர்.

"உங்க நேர்மையை உயிருள்ளவரை மறக்க மாட்டேன், க்ளெனிஸ்."

"அந்த வதந்தியைக் கிளப்பினவன் யாருன்னுதான் இன்னும் தெரியல. விடமாட்டேன்," என்றான் கானர்.

"அட, விடுங்க தம்பி." டாரல் அவனுடைய சாசேஜின் மேல் தக்காளி சாஸைத் தாராளமாகப் பிழிந்தார். "என் மச்சான் பாவம், ரொம்ப மெனக்கெட்டு எழுதினான்."