மோகனப்பிரியா சூளை மூட்டுகிறாள்

கூரை ஓட்டையில் இறங்கும் வெயிலில் வெள்ளைக் களிமண் தூசு மிதக்கிறது. தர்மராஜின் பீங்கான் பட்டறையில் கேஸ் சூளையை இயக்குவது விஷுவல் பேசிக்கில் எழுதிய பழைய புரோகிராம். கம்ப்யூட்டர் உலகம் அதற்கு எப்போதோ பால் ஊற்றிவிட்டது. அது படுத்துக்கொண்டதால் அகல்விளக்குகள் சுடப்படாமல் கிடக்கின்றன; இன்று சூளை பற்றாவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போகும். கணக்கெழுதும் மோகனப்பிரியா ஆன்லைன் வகுப்புக்குக் காசு கட்டி, வீடியோ பார்த்துக் கற்று, புரோகிராமைச் சரிசெய்திருக்கிறாள். அவள் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டியதில் கூரைப் புறாக்களுக்கே பாதிப் பாடம் மனப்பாடம். இப்போது செல்போனில் பாதியில் நிறுத்திய வீடியோவில் வாத்தியார் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறார். தர்மராஜ் சூளைக்குச் சூடம் காட்டுகிறார், கம்ப்யூட்டருக்குக் காட்டுகிறார், செல்போனுக்கும் காட்டுகிறார்.

"அவருக்கு எதுக்குண்ணே?"

"குருவாச்சே பாப்பா. வாயத் தொறந்துகினு வேற நிக்கிறாரு, பாவம்."

அவள் பொத்தானை அழுத்துகிறாள். சூளைக்குள் குப்பென்று நீலச் சுடர் பற்றுகிறது. பட்டறை ஆட்கள் எல்லோரும் அங்கே ஓடுகிறார்கள். அவள் மட்டும் திரையில் ஏறத் தொடங்கும் சூட்டின் எண்ணைப் பார்த்தபடி, விறகடுப்பை ஊதுவதுபோல, மெல்ல ஊதுகிறாள்.