பத்திரிகையில் ஒரு வரி

“என் பேருக்குக் கீழ என் வேலையையும் போடுங்க. மாப்பிள்ளைக்குப் போட்டிருக்கீங்கள்ல, அதே கொட்டை எழுத்துல.”

அச்சகக்காரரின் கை மவுஸ் மேலேயே நின்றுவிட்டது. சேவுகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் இடத்தில் வேலையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்று, கீரனூரில் பஸ் ஏறும்போதே மகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

திரையில் பத்திரிகை மாதிரி தெரிந்தது. ரகுநாத், பி.இ.; அதற்குக் கீழே ‘துணை மேலாளர்’ என்று மணமகன் பெயரையே அமுக்குகிற தடிமனில். மணமகள் பக்கம் கலைமதி, பி.எஸ்சி. என்பதோடு சரி.

சேவுகன் கொத்தனார். அவர் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் கலைமதிதான். மகன் பேரிலேயே மாடி வீடு இருக்கிற குடும்பம் அவளைப் பெண் கேட்டு வந்ததே பெரிது. ஒரு வரியால் அது கெட்டுப்போக வேண்டுமா?

மாப்பிள்ளையின் அம்மா பிச்சையம்மாள் சிரித்தார். “புரோக்கர்னு போடச் சொல்றியாத்தா? இந்தச் சம்பந்தத்தப் பேசி முடிச்ச கல்யாணப் புரோக்கரே தன் பேரப் போடச் சொல்லலயே.”

அச்சகக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

“ரியல் எஸ்டேட் ஏஜென்ட்னு போடுங்க,” என்றாள் கலைமதி. “பொட்டல் வெயில்ல நின்னு சம்பாதிக்கிறேன். இதுல என்ன வெக்கம்?”

பிச்சையம்மாள் விடவில்லை. ஊரே கேட்கிற கேள்விகளை ஒன்றுவிடாமல் கேட்டார். வாங்குகிறவன், விற்கிறவன் இரண்டு பேரிடமும் கமிஷன் கறப்பீர்களாமே, கண்மாய்க்குள் கல் ஊன்றிவிட்டு மனை என்பீர்களாமே, பொம்பளைப் பிள்ளை முகம் தெரியாத ஆளோடு இடம் காட்டப் போகலாமா? எல்லாவற்றுக்கும் முகத்துக்கு நேராகவே பதில் வந்தது. சேவுகனுக்குத்தான் வியர்த்தது.

“இவங்க ரெண்டு பக்கமெல்லாம் வாங்க மாட்டாங்கம்மா. விக்கிறவங்ககிட்ட மட்டுந்தான்,” என்றார் ரகுநாத், தரையைப் பார்த்தபடி.

மாப்பிள்ளை பரிந்து பேசுகிறாரே என்று சேவுகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“இப்பவே பொண்டாட்டி பக்கம் சாஞ்சாச்சு,” என்று பிச்சையம்மாள் மகனை இடித்தார். “நேத்து ஒருநா பொறுக்க முடியாம இவ ஆபீசுக்கே ஓடுன ஆளாச்சே.”

கலைமதி சிரிக்கவில்லை. ரகுநாத்தைப் பார்த்துக் கேட்டாள். “அத்தைகிட்ட இன்னும் சொல்லலையா?”

“கல்யாணம் முடியட்டுமே கலை.”

வேலையைப் பத்திரிகையில் போட அம்மாவைச் சம்மதிக்க வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருப்பார் போல என்று சேவுகன் நினைத்துக்கொண்டார். நல்ல பிள்ளை, கொஞ்சம் பயந்த சுபாவம்.

பிச்சையம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “இது ஒண்ணுக்கு மட்டும் நெஞ்சத் தொட்டுச் சொல்லு. குடியிருக்கிறவங்களுக்கே தெரியாம வீட்ட வித்துப்புடுவீங்களாமே?”

கலைமதி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். பத்திரிகை அடிக்க வேண்டாம், அழித்துவிடுங்கள் என்று அச்சகக்காரரிடம் சொன்னாள். சேவுகன் எட்டி அவள் கையைப் பிடித்தார். அதை மெல்ல விலக்கிவிட்டு வாசற்படி இறங்கினாள்.

ரகுநாத் பாதி எழுந்து, “கலை, வேணாம்,” என்றார்.

அவள் திரும்பிப் பிச்சையம்மாளைத்தான் பார்த்தாள்.

“நான் அப்படி விக்கிறதில்ல அத்தை. ஒங்க வீட்ட விக்கச் சொல்லத்தான் ஒங்க மகன் நேத்து வந்தாரு.”