குதிகால் தடங்கள்

மாலை வெயிலில் உப்புப் பாத்தி மின்னுகிறது. காலையில்தான் ஆட்கள் மிதித்துச் சமன் செய்த தரை. இனி உப்புத்தண்ணீர் பாய்ச்ச வேண்டியதுதான். அதில் குதிகால் தடங்கள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. மேஸ்திரி சகாதேவன் செருப்போடு உள்ளே இறங்கி விறுவிறுவென்று நடக்கிறார். நடுவில், போன வருஷம் வேலையிலிருந்து நின்றுவிட்ட அமராவதி ஒற்றைக் காலில் நிற்கிறாள். “யாருக்கு அளந்து காட்டுறீங்க? உப்பளத்த பிளாட் போட்டு விக்கிறவனுக்கா?” என்கிறார். அவள் நிமிரவில்லை. “நாப்பது வருஷம் மிதிச்ச காலு, சும்மா இருக்க மாட்டேங்குது. மேல ஏறிப் பாருப்பா.” சந்தேகம் தீராமலே வரப்போரத்து உப்புக் குவியல்மேல் ஏறுகிறார். கீழே குதிகால் தடங்களெல்லாம் சேர்ந்து ஒரு பூநாரையாகச் சிறகு விரித்திருக்கின்றன; அதன் கழுத்தை அறுத்துக்கொண்டு போகிறது அவருடைய செருப்புத் தடம். “தண்ணி எப்ப வுடுவ?” என்கிறாள். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார். “இன்னிக்கு வுடலம்மா. கழுத்தச் சரி பண்ணுங்க.”