கதவில் இருந்த வார்த்தை

நியூ ஜெர்சியில் 1984-ல் நடந்தது இது. பால்துரைக்கு இடது கால் மரத்துப்போய் மூன்று மாதமாகியிருந்தது. முதுகுத்தண்டைப் படம் பிடித்துப் பார்க்காமல் ஆபரேஷனைப் பற்றிப் பேசவே முடியாது என்றாள் டாக்டர் ஸ்வர்ணா.

புது மெஷின் இருந்த அறை வரை நொண்டிக்கொண்டே வந்தவர், கதவில் எழுதியிருந்ததைப் படித்ததும் நின்றுவிட்டார்.

"நியூக்ளியரா? நான் உள்ளே வரமாட்டேம்மா."

"அந்த வார்த்தை நம்ம உடம்புல இருக்கிற அணுக்களோட உட்கருவைச் சொல்றது. உள்ளே இருக்கிறது பெரிய காந்தம்தான் அங்கிள். எக்ஸ்ரேயில வர்ற கதிர்வீச்சுகூட இதுல கிடையாது."

"பேர்லயே இருக்கே. எனக்கு நீ எக்ஸ்பிளைன் பண்ண வேண்டாம்."

அந்த மாதம் அவரோடு சேர்த்துப் பதினோரு பேர் அப்படியே திரும்பிப் போனார்கள். ஸ்வர்ணா நிர்வாகத்திடம் மன்றாடி, அந்த ஒரு வார்த்தையை மட்டும் கதவிலிருந்து அழிக்க வைத்தாள். அடுத்த வாரமே பால்துரை வந்தார். சமர்த்தாகப் படுத்தார், சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"இது நல்ல மெஷின். அந்தப் பழசை எங்கே தூக்கிப் போட்டீங்க?"

"அது போயிடுச்சு அங்கிள். கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துட்டுக் கிளம்புங்க."

"நேரமில்லைம்மா, மீட்டிங் இருக்கு. எங்க அணுமின் நிலையத்தோட பேரைக் கேட்டாலே சுத்துப்பட்டு ஜனங்க நடுங்குறாங்க. அவங்க பயத்தைத் தெளிய வைக்கத்தானே எனக்குச் சம்பளம் கொடுக்கிறான்."